அலாட்மெண்ட் வராத வீட்டில்

மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி அலாட்மெண்ட் லிஸ்ட் வரும் என்றால் நாலரைக்கே, கேரளத்து மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில், அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்தின் வாசலில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் நிற்காது. மலை இறங்கினால் தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூரிலும் கம்பத்திலும் இ-சேவை மையத்தின் முன்னால் இதே கூட்டம். அப்ளிகேஷன் எண், பிறந்த தேதி, பாஸ்வேர்டு, அப்புறம் திரையில் ஒற்றை வரி. இடம் கிடைக்காத பிள்ளை அங்கே அழாது. பஸ்ஸிலும் அழாது. வீட்டுக்கு வந்து "தலை வலிக்குது" என்று போர்வையை இழுத்துக்கொள்ளும்.

அந்தப் போர்வைக்கு வெளியே நிற்கிற அம்மா அப்பாவுக்காக எழுதுவது இது. குறிப்பாக, பாட்டன் காலத்தில் தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலையேறி, பீர்மேட்டிலோ தேவிகுளத்திலோ வீடாகிப்போன தமிழ்க் குடும்பங்களுக்காக. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மாநிலத்து விதிகளும் பாதிப் பாதியாகப் பொருந்தும். அதனாலேயே அவர்களின் ஏமாற்றம் சென்னைப் பிள்ளையின் ஏமாற்றத்திலிருந்தும் கொச்சிப் பிள்ளையின் ஏமாற்றத்திலிருந்தும் வேறுபட்டது.

பிள்ளையை வாட்டுவது இடம் கிடைக்காதது மட்டும் இல்லை. ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாததுதான் பெரிய வாட்டம். காரணம் தெரியாத இடத்தில் பிள்ளை தானே ஒரு காரணத்தை நிரப்பிக்கொள்ளும்: "எனக்கு அறிவு பத்தாது." உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். கட் ஆஃபில் அரை மதிப்பெண்ணாக இருக்கலாம், சாய்ஸ் லிஸ்டில் எட்டே கல்லூரி போட்டதாக இருக்கலாம், தாலுகா ஆபீஸில் கிடைக்காத ஒரு சான்றாக இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுப்பதை விடப் பெரிய ஆறுதல் நான் அறிந்து எதுவும் இல்லை. ஆனால் அதை முதல் நாள் ராத்திரியே செய்யக் கூடாது.

லிஸ்ட் வந்த அன்றைய ராத்திரி பெற்றவர்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சூடாக ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். ரசம் சோறு போதும், கஞ்சி என்றாலும் சரி. சாப்பிடவில்லை என்றால் மூடி பக்கத்தில் வைத்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். பேச வேண்டியதும் மூன்று நான்கு வாக்கியம்தான்: "வருத்தமாத்தான் இருக்கும் சாமி. இன்னிக்கி எதுவும் பேச வேணாம். படுத்துத் தூங்கு. நாளக்கழிச்சு நானும் நீயும் உக்காந்து பாப்போம்." இதில் முக்கியமான சொல் "நாளக்கழிச்சு". இந்த வருத்தத்துக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்குக் கூட ஒருவர் உட்காருவார் என்று அது சொல்கிறது.

"பரவால்ல விடு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, லயத்துக் குளிரில் விளக்கைப் போட்டுப் படித்த இரண்டு வருஷம் பரவாயில்லாத விஷயமா? "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதும் அப்படியே. நல்லதாக இருக்கலாம், ஆனால் அன்றைக்கு அது பிள்ளைக்குப் பொய். "உனக்காக எவ்வளவு செலவழிச்சேன்" என்பதைச் சொல்லவே கூடாது என்று எழுதத் தேவையில்லை. ஆனாலும் கடன் வாங்கி டியூஷனுக்கு அனுப்பிய வீடுகளில் அது மூன்றாம் நாள் வாய் தவறி வந்துவிடும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. நம் பக்கத்தில் ரிசல்ட் சரியில்லை என்றால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கோபத்தில் போகிறவர் குறைவு. என்ன பேசுவது என்று தெரியாமல் போகிறவர்தான் அதிகம். பிள்ளை அதைக் கோபம் என்றே படிக்கும். போவதற்கு முன் தோளில் கை வைத்து, "எனக்கு உன் மேல கோபம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

சொந்தக்காரர்களின் போனை வீட்டில் ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும், பிள்ளை எடுக்க வேண்டாம். பதிலும் ஒன்றே ஒன்று: "இன்னும் ரவுண்டு இருக்கு, முடிஞ்சதும் நாங்களே சொல்றோம்." சின்னமனூர் மாமா திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே வாக்கியம்தான். ஒருவருக்குக் கூடுதலாக ஒரு வரி சொன்னால் அது ராத்திரிக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பிள்ளையின் போனைப் பிடுங்க வேண்டாம். கவுன்சிலிங்கின் ஓடிபி அதில்தான் வரும், ஆறுதல் சொல்லக்கூடிய நண்பனும் அதில்தான் இருக்கிறான். மற்றவர்களின் ஸ்டேட்டஸை ஒரு வாரம் மியூட் பண்ணச் சொல்லலாம், அதையும் கேட்டுக்கொண்டுதான்.

இந்த மலையில் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பகுதி இது. பல வீடுகளில் பூச்சிமருந்து கேனும் பாட்டிலும் திண்ணையிலோ விறகுக் கொட்டகையிலோ திறந்தே கிடக்கும். ரிசல்ட் மாதத்தில் அவை வீட்டில் இருக்கக் கூடாது. தோட்டத்து ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் பூட்டி வைத்துச் சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் உடைந்த நேரம் பலருக்கும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தில் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது உயிர் காக்கிறது. தற்கொலைத் தடுப்பில் உலகமெங்கும் முதலில் சொல்லப்படுகிற முறைகளில் இதுவும் ஒன்று. பிள்ளை மேல் சந்தேகப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை. குழந்தை தவழும் வயதில் அரிவாளை மேலே எடுத்து வைத்தோமே, அது போலத்தான்.

கவனிக்க வேண்டிய குறிகள்: இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து தூங்காமல் இருப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்ற மாதிரிப் பேச்சு, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, பெரிய கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று ஓர் அமைதி. இப்படி எதைப் பார்த்தாலும் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். வராது. கேட்டால்தான் பிள்ளைக்குச் சொல்ல வழி கிடைக்கும். "ஆமா" என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டில் 104. மூன்றையும் அம்மாவின் போனில் இப்போதே பதிந்து வையுங்கள். பெற்றவர்களும் கூப்பிடலாம். பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கேட்பதற்காகவே கூப்பிடலாம்.

இரண்டு நாள் கழிந்தது. பிள்ளை குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் முகம் தெளிந்த ஒரு காலை வேளையில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்து உட்காருங்கள். ராத்திரியில் வேண்டாம், ராத்திரியில் எல்லாக் கணக்கும் மோசமாகத் தெரியும்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் என்றால் முதலில் கட் ஆஃப் கணக்கைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். மொத்தம் 200. கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44, கூட்டினால் 178. கணிதத்தில் போன ஒரு மதிப்பெண் முழு ஒன்று, இயற்பியலில் போனது அரை. மொத்தத்தில் நிறைய வாங்கியும் கட் ஆஃப் குறைந்த பிள்ளைக்கு இங்கேயே பாதி விஷயம் விளங்கிவிடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கம்ப்யூட்டரிலும் வாங்கியது இந்தக் கணக்கில் வராது. அந்த மதிப்பெண்களுக்கு வேறு வாசல் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே கட் ஆஃபில் பல பேர் நின்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதி வரைக்கும் சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண்தான் தீர்மானிக்கும். விண்ணப்பித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கிற எண் அது. அதனால் ரேங்க் பின்னால் போன பிள்ளையும் உண்டு. அதில் பிள்ளையின் குற்றம் என்ன?

கேரள பிளஸ் டூ படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது, நார்மலைசேஷன், அதாவது மற்ற போர்டு மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டு போர்டு மதிப்பெண்ணோடு சமன் செய்வது. ஒரு பாடத்தில் தமிழ்நாட்டு போர்டில் முதல் மதிப்பெண் 100, மற்ற போர்டில் முதல் மதிப்பெண் 90 என்று வைத்துக்கொள்வோம். மற்ற போர்டில் 60 வாங்கிய பிள்ளையின் மதிப்பெண் 66.67 ஆகும். முதல் மதிப்பெண் இரண்டு பக்கமும் 100 என்றால் எதுவும் கூடாது. "அங்க போட்டா ஏறும்னு சொன்னாங்களே" என்று நம்பியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கேரளத்தின் கீம் தேர்வில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேரும். 2025 ஜூலை 1-ஆம் தேதி இன்ஜினியரிங் ரேங்க் பட்டியல் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையைக் கடைசி நேரத்தில் மாற்றியது செல்லாது என்று ஜூலை 9-ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. மறுநாளே பழைய முறைப்படி புதுப் பட்டியல் வந்தது, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பலருக்கு ரேங்க் பின்னுக்குப் போனது. ஒன்பது நாள் இடைவெளியில் அதே பிள்ளை, அதே விடைத்தாள், வேறு ரேங்க். பதினேழு வயதில் இதை நேரில் பார்த்தவர்கள் நம் லயங்களிலும் உண்டு. ரேங்க் என்பது பிள்ளையின் மூளையை அளந்து சொல்லும் எண் இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நீட் என்றால் மதிப்பெண்ணை முந்தைய வருஷத்தோடு ஒப்பிட வேண்டாம். 180 கேள்வி, 720 மதிப்பெண், சரிக்கு 4, தப்புக்கு ஒன்று குறையும். தெரிந்த கேள்வியில் கை தவறினால் நாலும் போய் ஒன்றும் போகும், ஆக ஐந்து இழப்பு. 2024-ல் முழு 720 வாங்கியவர்களே பலர். 2025-ல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686. அண்ணன் போன வருஷம் வாங்கியதைவிடக் குறைவு என்று அழுகிற தங்கைக்கு ரேங்கைக் காட்டுங்கள். ரேங்க் முன்னால் இருக்கக்கூடும்.

இனி எல்லையின் விஷயம். இதைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் மதிப்பெண் இருந்தும் இடம் போகிற இடம் இது.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு, இந்த மாநிலத்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்று தேவையில்லை. இடையில் ஒரு வகுப்பைக் குமுளியிலோ மூணாறிலோ படித்திருந்தாலும் சான்று வேண்டும். குடும்பத்தின் பூர்வீகம் தேனியோ தென்காசியோ திருநெல்வேலியோ, அந்தத் தாலுகாவில் இ-சேவை வழியாக விண்ணப்பித்து, விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, தாசில்தார் தர வேண்டும். பாட்டன் பேரில் ஒரு பட்டா, பழைய ரேஷன் கார்டு, அப்பா படித்த பள்ளியின் சான்று என்று ஏதாவது இருந்தால் வேலை வேகமாக நடக்கும். எதுவும் இல்லாமல் விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் போய் நின்றால் நடக்காது. ரிசல்ட் வருவதற்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும், வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு இப்போதே தொடங்கலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020-லிருந்தும் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021-லிருந்தும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பீர்மேட்டில் அரசுப் பள்ளியில், அதுவும் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது கிடையாது, அது கேரள அரசின் பள்ளி. கம்பத்தில் இருக்கிற சித்தப்பா மகனுக்குக் குறைந்த கட் ஆஃபில் கிடைத்தது, நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில். பிள்ளையிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பையன் மேல் பொறாமையும் தன் மேல் வெறுப்பும் பாதியாகக் குறையும்.

சாதிச் சான்றின் கதை இன்னும் கடினம். பட்டியல் சாதிகள் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடியேறிய குடும்பத்துக்கு, பட்டியல் சாதிக்கான சலுகை சொந்த மாநிலத்தில்தான் கிடைக்கும், குடியேறிய மாநிலத்தில் கிடைக்காது. 1950-க்கு முன்பே மலையேறியவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எஸ்டேட்டின் பழைய பதிவேடு, தாத்தாவின் பிஎஃப் தாள், பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டர் எல்லாம் தேட வேண்டியது இதற்காகத்தான். கேரளத்தில் பிறந்து, கேரளத்தில் படித்து, கேரளத்தில் ஓட்டுப்போடும் குடும்பத்துப் பிள்ளை, பொதுப் பிரிவில் நின்று இடத்தை இழந்துவிட்டு "நான் சரியாப் படிக்கல" என்று அழுகிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உடனடியாகச் செய்யக்கூடியது, பூர்வீகத் தாலுகாவில் சாதிச் சான்றும் நேட்டிவிட்டியும் வாங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் விண்ணப்பிப்பதுதான். ஓர் எச்சரிக்கையும் உண்டு: மருத்துவக் கவுன்சிலிங்கில் இரண்டு மாநிலத்திலும் நேட்டிவிட்டி கோரக் கூடாது, தெரிய வந்தால் கிடைத்த இடமும் போய்விடும். எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

இப்படி ஒவ்வொன்றாக நோட்டில் எழுதும்போது பிள்ளை பேசத் தொடங்கும். "அப்ப சாய்ஸ்ல நான் இன்னும் நிறையப் போட்டிருக்கலாமோ?" என்று கேட்கும். அங்கே குத்திக் காட்டாமல் இருந்தால் பேச்சு தொடரும்.

துக்கத்தை அவசரப்படுத்தக் கூடாது, தேதியை அவசரப்படுத்தியே ஆக வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. "அழாதே, எந்திரி" என்று பிள்ளையை விரட்டுவோம், அடுத்த ரவுண்டின் கடைசித் தேதியைத் தவற விடுவோம். பிள்ளை எழுந்திருக்காத அந்த இரண்டு நாளில் தேதிகளைக் கவனிப்பது பெற்றவர்களின் வேலை, அல்லது விவரம் தெரிந்த ஓர் அக்கா, ஓர் ஆசிரியரின் வேலை.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங்கில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளைக்குள் பதில் தர வேண்டும். இடத்தை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு மேலே இருக்கும் சாய்ஸுக்குக் காத்திருக்கலாம். இதை வேண்டாம் என்று சொல்லி மேலே இருப்பதற்கு மட்டும் காத்திருக்கலாம். அடுத்த சுற்றுக்குப் போகலாம். விலகலாம். தெளிவில்லாத வீடுகளுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. மேலே கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் கையில் இருப்பது. வருத்தத்தில் இருக்கும் பிள்ளை கோபமாக மூன்றாவதை அழுத்திவிட்டால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பட்டனை அழுத்தும்போது பக்கத்தில் இருங்கள். கீமில் விதி வேறு: ஒதுக்கிய இடத்துக்குக் குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடமும் போகும், மேலே இருந்த ஆப்ஷன்களும் போகும். கீழே இருந்தவை ஒதுக்கீடு வந்தபோதே ரத்தாகியிருக்கும்.

சாய்ஸ் லிஸ்டில் நடக்கும் தப்பு எப்போதும் ஒன்றுதான், பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு நிறுத்திவிடுவது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும், காலி இருக்கும் முதல் சாய்ஸைக் கொடுக்கும். அதனால் ஆசைப்பட்ட கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டமே இல்லை. கிடைக்கிறதை முதலில் போட்டால்தான் நஷ்டம். முதல் பத்து ஆசைக்கு, அடுத்த இருபது முப்பது போன வருஷம் நம் சாதிப் பிரிவில் நம் கட் ஆஃபுக்கு அருகில் முடிந்தவை, கடைசிப் பத்து கட்டாயம் கிடைக்கக்கூடியவை. கிடைத்தாலும் போக மாட்டேன் என்று பிள்ளை சொல்கிற கல்லூரியை லிஸ்டிலேயே போடக் கூடாது. போடி அரசு இன்ஜினியரிங் கல்லூரியும் பைனாவில் இருக்கும் இடுக்கி அரசு இன்ஜினியரிங் கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் "ஊர்ப்பக்கக் காலேஜ்" என்று விட்டுவிடுகிறோம். கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முன்னால் சொன்ன வேறு வாசல்கள் இப்போது. எல்லையில் வாழ்வதில் இருக்கும் ஒரே லாபம், ஒரு பக்கம் மூடியது மறு பக்கம் திறந்திருக்கும். கேரளத்தில் கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் நீட் ரேங்க் வேண்டும். தமிழ்நாட்டில் அவற்றின் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், நேட்டிவிட்டி வேண்டும். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-ல் வந்தது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஏலத்தையும் மிளகையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குத் தோட்டக்கலை இரண்டாந்தரம் என்று யார் சொன்னது? ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குக் கேரள அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு உண்டு, தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண். பி.எஸ்சி நர்சிங்குக்கு இரண்டு பக்கமும் பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் வேண்டாம். இயந்திரத்தில் கை வைக்க ஆசை இருக்கிற பிள்ளை பிளஸ் டூ சயின்ஸோடு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். மொத்தம் ஐந்து வருஷம், நேராகப் போவதை விட ஒரு வருஷம்தான் கூடுதல். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்து, பிளஸ் ஒன்னில் திடீரென்று இங்கிலீஷ் புத்தகத்தில் திணறிய பிள்ளைகளுக்கு இந்த வழி பல சமயம் நேர்வழியை விட நல்லது. கைவேலையோடு சேர்ந்து பாடம் மெதுவாக ஏறும்.

இன்னொரு வருஷம் படித்து நீட் எழுதுகிறேன் என்று பிள்ளை சொன்னால் அன்றே சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். பதினைந்து நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் மூன்று விஷயம் பாருங்கள். கடைசி ஆறேழு மாடல் டெஸ்டில் மதிப்பெண் ஏறிக்கொண்டு வந்ததா, ஒரே இடத்தில் நின்றதா? எந்தப் பாடத்தில் போனது? இயற்பியல் ஒன்றில் மட்டும் என்றால் ஒரு வருஷத்தில் சரி செய்யலாம். மூன்றிலும் பாதிதான் என்றால் கடினம். மூன்றாவது, ஆசை யாருடையது? பிள்ளை தனியாக இருக்கும்போது பெரியம்மாவோ பிடித்த டீச்சரோ கேட்டால்தான் உண்மை வரும். சரி என்று முடிவானால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: டிசம்பரில் எந்த மதிப்பெண் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அடுத்து எதற்கு விண்ணப்பிப்பது, இது எத்தனையாவது முயற்சி, கடைசி எது. வீட்டில் தனியாக அறை இல்லாத லயத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே படிப்பது நடக்காத காரியம். பகலில் ஒரு நூலகமோ பள்ளிக்கூட அறையோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வாரத்தில்தான் ஏஜெண்டுகள் மலையேறுவார்கள். பிள்ளை அழுகிற வீடு எது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வெளிமாநில நர்சிங் கல்லூரி, "லோன் நாங்களே வாங்கித் தர்றோம், சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுங்க" என்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றும் டிசியும் யார் கையிலும் போகக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசியின் விதி, ஏஜெண்டுக்கு என்ன உரிமை? கல்லூரியின் பெயரைக் கேட்டு வாங்கி, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்த மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று அவற்றின் இணையதளத்திலேயே பாருங்கள். வருஷக் கட்டணம், ஹாஸ்டல், யூனிபார்ம், தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிற பஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் நேராக விண்ணப்பிக்கலாம், நான்கு லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

எப்படியோ ஓர் இடத்தில் பிள்ளை சேர்ந்தாயிற்று என்று வையுங்கள். வீடு மூச்சு விடும். ஆனால் வருத்தத்துக்கு இரண்டாவது வரவு ஒன்று உண்டு. கேரளத்துக் கல்லூரிகளும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் வெவ்வேறு வாரங்களில் திறக்கும். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஓணம் லீவுக்கும் தீபாவளிக்கும் ஹாஸ்டலிலிருந்து எல்லோரும் ஊருக்கு வருவார்கள், பஸ் ஸ்டாண்டில் காலேஜ் ஐடி கார்டு கழுத்தில் தொங்கும். ஜூலையில் அழாத பிள்ளை அப்போது அழுவதுண்டு. "இன்னுமா அத நெனச்சுக்கிட்டிருக்க" என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் சர்ச்சுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரவில்லை என்று சொன்னால் ஒரு தடவை விட்டுவிடலாம்.

மலை இறங்கி மதுரை, கோவை என்று போன பிள்ளைக்குப் புதிய சங்கடம் ஒன்று காத்திருக்கும். அதன் தமிழில் கலந்திருக்கும் மலையாளத்தைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். கோட்டயம் பக்கம் போன பிள்ளையின் மலையாளத்தில் இருக்கும் தமிழுக்கு அங்கே சிரிப்பார்கள். விரும்பிய கல்லூரியில் சேர்ந்திருந்தால் பிள்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். விரும்பாத கல்லூரியில் அதுவே "நான் இங்க இருக்க மாட்டேன்" என்று கிளம்பி வருவதற்குக் காரணமாகும். முதல் இன்டர்னல் தேர்வு வரை இருந்து பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு முன் டிசி வாங்குகிற பேச்சு வேண்டாம். அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மார்க்கைக் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டாய், தண்ணீர் எப்படி, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் பதிலாக வந்தால், பிள்ளை அங்கே வேர் பிடிக்கத் தொடங்கிவிட்டது.